அயற்சமயம் கற்றலும் அயல்நாட்டுப் பயணமும்

இலங்கையின் பாடசாலைகளில் சமயம் கட்டாய பாடமாகும். தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் ஆகியவற்றோடு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் எவரும் விலக்க முடியாத பாடங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என அப்பாடம் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பதால், ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் தொடங்கிப் பதினோராம் தரம் வரை தன் பெற்றோரின் சமயத்தை மட்டுமே கற்று வெளியேறுகிறது. வெவ்வேறு சமயப் பிள்ளைகள் ஒன்றாகப் பயிலும் வவுனியா நகரப் பாடசாலை ஒன்றில் சமயபாட வேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரியும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்க, கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறொரு அறைக்குப் போவார்கள். நாற்பது நிமிடம் கழித்து மீண்டும் ஒன்றுகூடிக் கணிதம் கற்பார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் மற்றவர் எதைக் கற்றார் என்று கேட்கும் வழக்கம் பொதுவாக இல்லை; கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பாடத்திட்டத்தில் இல்லை. வன்னிப் பெருநிலத்துப் பாடசாலை ஒன்று உலக சமயங்களை அறிமுகப்படுத்தும் நோக்கத்தோடு வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா ஒன்றைத் திட்டமிடுமாயின், அத்திட்டம் முதலில் எதிர்கொள்ள வேண்டியது கடவுச்சீட்டையோ செலவையோ அல்ல. பிறர் சமயத்தை ஒருவர் கற்பது என்பது எத்தகைய செயல், அதற்குத் தூரம் உதவுமா என்ற வினாவையே அது முதலில் எதிர்கொள்ள வேண்டும்.

தூரம் தேவையில்லை என்ற வாதம் எளிதில் எழும். வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் சென்றால் மடுத் திருத்தலம் இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டபோது மாந்தையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மாதாவின் திருச்சொரூபம் அங்கேதான் வைத்து வணங்கப்படுகிறது. ஆவணித் திருவிழாவில் தமிழ்க் கத்தோலிக்கரும் சிங்களக் கத்தோலிக்கரும் ஒரே காட்டு மரங்களின் கீழ்ப் பந்தல் போட்டுத் தங்குவதையும், சைவர்கள் நேர்த்தி வைத்து வந்து போவதையும் அங்கே காணலாம். நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரில் விளக்கேற்றும் சடங்கு நடக்கிறது. அங்கே வணங்கப்படும் கண்ணகியே தென்னிலங்கையில் பத்தினித் தெய்வமாகச் சிங்கள பௌத்தரால் வணங்கப்படுகிறாள். இவ்வழிபாட்டின் தொடக்கத்தைத் தென்னிந்தியாவின் சமண, பௌத்தச் சூழலில் தேட வேண்டும் என்பது, 1984இல் வெளிவந்த விரிவான ஆய்வில் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர முன்வைத்த கருத்து. சமய ஒப்பீட்டுக்கு இவ்வளவு பொருள் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கும்போது கடல் கடப்பது வீண்செலவு அல்லவா என்று ஒரு பெற்றோர் கேட்டால், அக்கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது.

எனினும் இந்த வாதம் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. வன்னியில் அயற்சமயம் அருகில் இல்லாத பொருள் அல்ல. அருகில் இருந்தும் சமயமாகப் பார்க்க முடியாதபடி வேறொன்றோடு பின்னிப் பிணைந்து கிடக்கும் பொருள். வழிபாட்டு உரிமைச் சச்சரவு நிகழும் குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை, செம்மலை நீராவியடி ஆகிய பெயர்களைக் கேட்டு வளர்ந்த ஒரு மாணவிக்குப் பௌத்தம் என்பது முதன்முதலாக அறிமுகமாவது நால்வகை உண்மைகளாகவோ தியானமாகவோ அல்ல. தொல்பொருள் அறிவித்தற் பலகையாகவும், நீதிமன்றத் தடையுத்தரவாகவும், படைமுகாமுக்கு அருகே புதிதாக எழுந்த விகாரையாகவுமே அறிமுகமாகிறது. 2019 செப்ரெம்பரில் நீராவியடிப் பிள்ளையார் ஆலயத் தீர்த்தக்கேணியின் அருகே, நீதிமன்ற உத்தரவை மீறி, பிக்கு ஒருவரின் உடல் தகனம் செய்யப்பட்டதையும், 2024 மார்ச்சில் வெடுக்குநாறிமலையில் சிவராத்திரி வழிபாட்டின்போது எண்மர் கைதுசெய்யப்பட்டதையும் அறிந்த பிள்ளையிடம், துக்கத்துக்குக் காரணம் வேட்கை என்று புத்தர் போதித்ததாகச் சொன்னால், அது காதில் விழுமே தவிர மனத்தில் தங்குமா என்பது ஐயமே. அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியிருப்பதும் இந்த நிலையை இறுக்குகிறது. ஏனெனில் சிறுபான்மைச் சமயத்தவர் அங்கே ஒரு தத்துவத்தைக் காண்பதற்கு முன் ஒரு அதிகாரத்தைக் கண்டுவிடுகின்றனர்.

இஸ்லாத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே தடையாக நிற்பது நெருக்கம் அன்று, வெறுமை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் மேற்பட்டோர் வீடுவாசல்களை விட்டுப் போயினர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களும் இவ்வாறு வெறுமையாயின. இதனால் வன்னியின் உட்பகுதிகளில் ஒரு தலைமுறை முழுவதும் பாங்கொலியைக் கேளாமலும், நோன்புக் கஞ்சி வாங்கிக் குடிக்காமலும், முஸ்லிம் ஒருவரைப் பக்கத்து வாங்கில் காணாமலும் வளர்ந்தது. அத்தலைமுறையே இன்று ஆசிரியராகவும் பெற்றோராகவும் இருக்கிறது. இழைக்கப்பட்ட அநீதியும் இழைத்த அநீதியும் ஒரே மண்ணில் கிடக்கும்போது, அயலவரின் சமயத்தை அந்த மண்ணிலேயே நின்று அமைதியாகக் கற்பது முடியாத காரியம் அல்லவெனினும் மிகக் கடினமான காரியம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதைத் தொடக்கப் பாடமாக வைப்பது முறையன்று. வெளிநாட்டுப் பயணத்துக்குச் சொல்லத்தக்க வலுவான நியாயம் இதுவே: அங்கே ஒரு விகாரையோ பள்ளிவாசலோ பார்ப்பவருடைய காணியில் நிற்பதில்லை.

இந்த நியாயத்தை ஏற்றால், எங்கே போவது என்பதற்கு விடை தொலைவில் இல்லை. யெரூசலேம், மக்கா, புத்தகயா என்று பெரும் பெயர்களை அடுக்குவது திட்ட அறிக்கைக்கு அழகூட்டலாம். ஆனால் முதலாவது வன்னிப் பெற்றோரின் கைக்கு எட்டாதது, இரண்டாவது முஸ்லிம் அல்லாதாருக்கு அனுமதிக்கப்படாதது, மூன்றாவதற்குத் தமிழகத்தைத் தாண்டி நெடுந்தூரம் போக வேண்டும். மாறாக, காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கிய கப்பற்சேவை, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் கரை ஒன்று உண்டு. அக்கரையில் நாகூர் தர்காவும் வேளாங்கண்ணிப் பேராலயமும் சிக்கல் சிங்காரவேலர் கோயிலும் நாகைக் காயாரோகணர் கோயிலும் ஒரே நாளில் சுற்றிவரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. சற்று வடக்கே தரங்கம்பாடியில், 1706இல் வந்திறங்கிய லூத்தரன் மதகுருவான சீகன்பால்க்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்பது இத்திட்டத்தின் சிறிய நன்மை அன்று. மாணவர் தம் கேள்வியைத் தாமே கேட்கலாம். தர்காவில் மயிலிறகால் தலையைத் தடவி ஆசி கூறுபவரிடம் நேராகவே, இது எதற்காக என்று கேட்கலாம்.

நாகூரில் மாணவர் காணும் முதற்செய்தியே பாடநூல் சொல்லாத ஒன்றாக இருக்கும். தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததும் 131 அடி உயரமுடையதுமான பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங். அவர் சைவ, வைணவக் கோயில்களைப் பேணிய மரபில் வந்தவர். மொட்டை போடுதல், நேர்த்திக்கடன் செலுத்துதல் என்று சைவப் பிள்ளை தன் குலதெய்வக் கோயிலில் கண்ட செயல்களையே அங்கும் காணும். அத்துடன் இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தில் இவ்வாறு வேண்டுதல் செய்வது இஸ்லாத்துக்கு ஏற்புடையதா என்பதில் முஸ்லிம்களுக்குள்ளேயே கடும் கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அறிய வேண்டும். ஒரு சமயம் தனக்குள் வாதிட்டுக்கொள்கிறது என்று அறிவது, அதன் ஐந்து கடமைகளை மனனம் செய்வதைவிட அச்சமயத்துக்கு ஒருவரைக் கூடுதலாக நெருங்கச் செய்யும். சைவத்துள்ளும் பலியிடலும் ஆகமப் பூசையும் பற்றிய வாதம் இருக்கிறது என்பதால், வன்னிப் பிள்ளைக்கு இது புரியாத விடயமாக இராது.

ஆனால் காணிச் சச்சரவு இல்லாத இடம் என்று மேலே கூறப்பட்ட நியாயத்தை அதே நாகப்பட்டினம் ஓரளவு குலைத்தும் விடுகிறது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மனின் தந்தை பெயரால் முதலாம் இராசராச சோழன் காலத்தில் அங்கே எழுந்த சூடாமணி விகாரைக்கு, சைவனான அச்சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆவணங்களில் அக்கொடை பதிவாகியுள்ளது. தமிழ் பேசிய பௌத்தம் என்ற ஒன்று இருந்தது என்பதற்கு அதைவிடக் கண்கூடான சான்று அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1934 வரை அவ்வூரில் 350 வரையான பௌத்தப் படிமங்கள் கண்டெடுக்கப்பட்டன. அங்கே எஞ்சியிருந்த செங்கற் கோபுரத்தை 1846இல் வால்ட்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி பார்த்துப் பதிவுசெய்தார்; 1867இல் அரசாங்கத்தின் அனுமதியைப் பெற்று இயேசுசபையினர் அதை இடித்துவிட்டனர். ஒரு சமயத்தின் இடத்தில் இன்னொரு சமயம் வந்து அமர்வதும், அதற்கு அரசின் கையொப்பம் கிடைப்பதும் முல்லைத்தீவுக்கு மட்டும் உரிய கதை அல்ல என்று அங்கே நின்று அறியும் பிள்ளை ஆறுதல் அடையுமா, மனம் கசக்குமா என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது. இரண்டில் எது நேர்ந்தாலும், விகாரை என்றால் சிங்களம் என்றும் கோயில் என்றால் தமிழ் என்றும் அதன் மனத்தில் ஊன்றியிருக்கும் சமன்பாடு அந்த வெற்றிடத்தின் முன் ஆட்டம் காணும். குருந்தூர்மலையின் பழம்பௌத்தச் சிதைவுகளை வெட்கமோ அச்சமோ இன்றித் தன் மூதாதையர் வரலாற்றோடும் சேர்த்து எண்ணிப் பார்க்க அது ஒரு வழியைத் திறக்கக்கூடும். அச்சிதைவுகளைக் காட்டி இன்றைய காணியைக் கைப்பற்றுவது நியாயம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் திறனே இங்கு வேண்டப்படுகிறது.

பிற சமயத்தை நேரில் கண்டால் அன்பு வளரும் என்ற நம்பிக்கை இத்தகைய திட்டங்களின் முன்னுரைகளில் தவறாமல் இடம்பெறும். வரலாறு அதற்கு முழுச் சாட்சியாக நிற்பதில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் பயின்றும் கற்பித்தும், பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்குவதில் ஆண்டுக்கணக்காக உழைத்தும், அம்மொழிபெயர்ப்பை அரங்கேற்றுவதற்காகச் சென்னைக்குக் கடல் கடந்தும், கிறிஸ்தவத்தை அக்காலச் சைவர் எவரையும்விட ஆழமாக அறிந்தார். அந்த அறிவே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவவும், 1854இல் சைவதூஷணபரிகாரம் எழுதிப் பாதிரிமாருக்குப் பதில் கூறவும் அவருக்குக் கருவியாயிற்று. சீகன்பால்க்கோ எதிர்த்திசையில் நடந்தார்: தமிழரின் தெய்வங்களைப் பற்றித் தமிழரிடமே கடிதம் மூலம் கேள்வி கேட்டு விடை வாங்கியும், ஏடுகளைத் தேடிப் படித்தும், 1713இல் தென்னிந்தியக் கடவுளர் வரிசையை விவரிக்கும் நூலொன்றை அவர் எழுதி முடிக்க, அதை அச்சிட ஜேர்மனியில் இருந்த அவருடைய மேலாளர் மறுத்துவிட்டார், புறச்சமயத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்பலாமா என்பது அவருடைய கவலை. அந்நூல் சென்னையில் அச்சேறியது 1867இல், அதாவது நாகப்பட்டினத்துக் கோபுரம் இடிக்கப்பட்ட அதே ஆண்டில். ஒருவருக்கு அறிவு எதிர்ப்பைக் கூர்மையாக்கியது, மற்றவருக்கு அது தம் சபையையே சங்கடப்படுத்தும் மதிப்பாக மாறியது. இருவருமே கற்றவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆகவே, கற்றலின் விளைவு நல்லிணக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாடசாலை முன்கூட்டியே விதித்தால், அது கற்பிப்பதை விட்டுப் பிரசாரம் செய்யத் தொடங்கிவிடும்.

அப்படியாயின் பாடசாலை எதை விதிக்கலாம்? எதிர்த்தரப்பை அத்தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்கும் நேர்மையை விதிக்கலாம். அதற்குச் சைவ மரபிலேயே முன்மாதிரி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. பரபக்கம் என்பது பிறர் கொள்கையைக் கூறி மறுக்கும் பகுதி. சுபக்கம் என்பது தம் கொள்கையை நிறுவும் பகுதி. உலகாயதர் முதல் பாஞ்சராத்திரிகள் வரை பதினான்கு கொள்கைகளை அவர் எடுத்துக்கொள்கிறார். அவற்றுள் பௌத்தத்தின் நான்கு பிரிவுகளும் அடங்கும். ஒவ்வொன்றிலும் மறுப்புக்கு முன் அக்கொள்கையினரின் கூற்று வைக்கப்படுகிறது. மறுப்பதற்காகவே கூறினார் என்பது உண்மைதான். ஆனால் மறுப்பதற்குக்கூட முதலில் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. இன்றைய சைவநெறிப் பாடத்தில் சைவ சித்தாந்தம் இடம்பெறும்போது சுபக்கத்தின் முடிவுகள் வருகின்றன, பரபக்கத்தின் உழைப்பு வருவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதே சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று நான்கு வட்டங்களாக்கி, தன்னிடமிருந்துள்ள தொலைவைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்துகிறது. எல்லாச் சமயமும் ஒன்றே என்று மழுப்பாமலும், பிற அனைத்தும் பொய் என்று தள்ளாமலும், ஒவ்வொன்றும் ஆன்மாவின் ஏதோ ஒரு பக்குவத்துக்கு உரிய படி என்று கொள்வது அந்நோக்கு. வரிசைப்படுத்துபவர் தம்மையே உச்சியில் வைத்துக்கொள்கிறார் என்ற குறை அதில் உண்டு. மடுவுக்கோ நாகூருக்கோ போனால் அங்குள்ளவர் வரைந்து வைத்திருக்கும் வட்டத்தில் சைவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்வது, அக்குறைக்கு நல்ல மருந்து.

மேற்குலகில் இதே சிக்கலுக்கு நினியன் ஸ்மார்ட் வேறொரு வழி கண்டார். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967இல் சமயக் கற்கைகளுக்கென ஒரு துறையை உருவாக்கியவரான அவர், இளமையில் பிரித்தானியப் படையில் பணியாற்றிய காலத்தில் பௌத்தத்தோடு நெருங்கிய அறிமுகம் பெற்றது இலங்கையிலேயே. கடவுள் உண்டா, அச்சமயம் உண்மையா என்ற தீர்ப்பை ஆய்வின்போது ஒத்திவைத்து, அதைக் கைக்கொள்பவருக்கு அது எவ்வாறு தோன்றுகிறது என்பதை மட்டும் சடங்கு, கதை, கோட்பாடு, ஒழுக்கம், அனுபவம், சமூக அமைப்பு, கட்டடமும் படிமமும் எனப் பல பரிமாணங்களில் நோக்க வேண்டும் என்பது அவரது முறை. மாணவரின் குறிப்பேட்டுக்கு இது பயன்படும் சட்டகம்தான். ஆனால் ஒத்திவைக்கப்படும் தீர்ப்பை எப்போது மீளக் கையில் எடுப்பது என்பதை அது சொல்வதில்லை. சமயத்தை உண்மை பற்றிய கூற்றாகக் கொள்பவருக்கு, தன் நம்பிக்கையை யாரோ பரிமாணங்களாகப் பிரித்துக் குறித்துக்கொண்டு போவது மரியாதையாகவும் தோன்றலாம், அவமதிப்பாகவும் தோன்றலாம்.

கடலும் கடந்து, பல சமயங்களையும் கேட்டறிந்த கன்னி தமிழில் மணிமேகலையே. நயினாதீவு என்று பலர் இனங்காணும் மணிபல்லவத்துக்கும் சாவகத்துக்கும் போய்வந்த அவள், வஞ்சி நகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று பலரையும் அணுகி அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் தத்துவம் சொல்லமாட்டார்கள் என்பதால் துறவி வேடம் பூண்டே போகிறாள். பெரும்பாலானோர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு அகலும் அவள், காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் பூதவாதியிடம் மட்டும் சிரித்து, உன் பெற்றோரை இவர்தாம் என்று அனுமானத்தால் அன்றி வேறு எதனால் அறிந்தாய் என்று மடக்குகிறாள். காப்பியம் அவளைப் பௌத்தத்தில் கொண்டு சேர்க்கவே இவ்வளவும் செய்கிறது. எனினும் கேட்பவள் எங்கே மௌனம் காக்கிறாள், எங்கே வாதிடுகிறாள் என்பதை வகுப்பறையில் படித்துவிட்டுப் புறப்படும் குழு, வெறும் வழிகாட்டி நூலோடு புறப்படும் குழுவைவிட ஆயத்தமாக இருக்கும்.

வேடம் பூணாமல் போகும் மாணவர் எந்நிலையில் போகிறார் என்பதே இறுதியில் திட்டமிடுவோரின் மேசைக்கு வரும் கேள்வி. அவர் வழிபடுபவர் அல்லர், வேடிக்கை பார்ப்பவரும் அல்லர், விருந்தினர். விருந்தினர் தலையை மூடச் சொன்னால் மூடுவார், செருப்பைக் கழற்றுவார், எழுந்து நிற்பார். ஆனால் நற்கருணையை வாங்கக் கை நீட்டமாட்டார், தொழுகை வரிசையில் போய் நிற்கமாட்டார், முஸ்லிம் மாணவர் ஒருவரின் நெற்றியில் திருநீறு பூச எவரையும் விடமாட்டார். இதைப் பேருந்தில் வைத்துச் சொன்னால் போதாது. வலயக் கல்விப் பணிமனைக்கு அனுமதி கோரும் கடிதம் போவதற்கு முன்னரே பெற்றோர் கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டும்.

சிக்கல் கூர்மையடைவது தமிழகக் கோயில்களில். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் எவரையும் உள்ளே விடுகின்றன. ஆனால் பழனிக் கோயில் தொடர்பான வழக்கில் 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பு, இந்து அல்லாதார் கொடிமரத்துக்கு அப்பால் செல்ல அனுமதி இல்லை என்ற அறிவித்தல் வைக்கப்பட வேண்டும் என்று கூறியது. நம்பிக்கையோடு வருவதாக எழுதிக் கொடுப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்விக்காக வரும் கத்தோலிக்க மாணவியோ முஸ்லிம் மாணவரோ அவ்வாறு எழுதிக் கொடுப்பது பொய்ம்மையாகும். முதல்நாள் தம் தேவாலயத்தில் சைவத் தோழியருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன மாணவி, மறுநாள் கொடிமரத்தடியில் நிறுத்தப்படும்போது மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்? அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போய்விடுவது வழமை; அவ்வாறு போனால் அப்பயணத்தில் சைவர் மற்றவரிடம் பெற்றுக்கொண்டவர்களாகவும், எதையும் கொடுக்காதவர்களாகவும் ஆகிவிடுவர். குழு முழுவதும் கொடிமரத்துக்கு இப்பால் நின்று, ஓதுவார் ஒருவரையோ ஆசிரியரையோ கொண்டு கோயிலின் அமைப்பையும் பூசையின் பொருளையும் அங்கேயே கேட்பது ஒரு தீர்வு. அதற்கு எதிர்ப்பு வரும்; வயலில் கூலிக்கு நின்றும் சீட்டுக் கட்டியும் பிள்ளையை அனுப்பிய தாய்க்கு அது கல்விச் சுற்றுலா மட்டுமல்ல, சோழநாட்டுத் தல யாத்திரையும்கூட; வாசல் வரை போன பிள்ளை சுவாமியைக் காணாமல் திரும்புவதை அவர் ஏற்கமாட்டார். அவருடைய நியாயமும் சமயத்தின் நியாயமே. எனவே நேர அட்டவணையில் காலை வேளையைக் கற்றலுக்கும் மாலை வேளையை விரும்பியவரின் வழிபாட்டுக்கும் என்று தனித்தனியே எழுதி, வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் அதே பிரிப்பைக் கடைப்பிடித்து, மாலையில் உள்ளே போகாத பிள்ளைகளோடு எந்த ஆசிரியர் இருப்பார் என்பதையும் அதே தாளில் பெயரோடு குறிப்பது நல்லது.